ஃபார்முலா 1: இன்ஜின் கம்பெனிகளின் 'மாப்பிள்ளை முறுக்கு'... விதிகளை எழுதுவது யார்?

2024 ஜனவரி 31. அமெரிக்காவின் ஆண்ட்ரெட்டி அணிக்கு ஃபார்முலா 1 நிர்வாகம் கதவைச் சாத்தியது. சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ நான்கு மாதங்களுக்கு முன்பே அந்த அணிக்குப் பச்சைக்கொடி காட்டியிருந்தது. ஆனால், போட்டியின் வணிக உரிமையைக் கையில் வைத்திருக்கும் நிறுவனம் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டது. கூடவே ஒரு விஷயத்தையும் சொன்னது: ஜெனரல் மோட்டார்ஸ் தயாரிக்கும் இன்ஜினோடு 2028 சீசனுக்கு விண்ணப்பித்தால், அதை வேறு மாதிரி பார்ப்போம்.

பத்தே மாதம். 2024 நவம்பரில் கதவு திறந்தது. அதுவரை கூட்டாளியாகப் பின்னால் நின்ற ஜெனரல் மோட்டார்ஸ் முன்னால் வந்தது. 'கேடிலாக்' என்ற பெயரில் 11-வது அணிக்கு அனுமதி கிடைத்தது. இடையில் மைக்கேல் ஆண்ட்ரெட்டி தலைமைப் பொறுப்பிலிருந்து ஒதுங்கியிருந்தார். அமெரிக்க நீதித்துறையின் விசாரணை வேறு நடந்துகொண்டிருந்தது. எல்லாம் சரிதான். ஆனாலும் கதவைத் திறந்த சாவி எது என்பதில் பெரிய ரகசியம் இல்லை. ஒரு பெரிய கார் கம்பெனி, 'சொந்தமா இன்ஜின் செய்யறோம்' என்று கொடுத்த வாக்குதான் அது.

அந்த இன்ஜின் 2029-ல்தான் வரும். 2026-ல் கேடிலாக் கார்கள் ஓடுவது ஃபெராரி இன்ஜினில். வாக்குக்கே இவ்வளவு மதிப்பு என்றால், ஏற்கெனவே இன்ஜின் செய்பவர்களுக்கு எவ்வளவு செல்வாக்கு இருக்கும்?

5 கம்பெனிகள், 22 கார்கள்

ஃபார்முலா 1-ல் ஒவ்வோர் அணியும் தன் காரின் உடலைத் தானே வடிவமைக்க வேண்டும். இன்ஜினுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, வெளியில் வாங்கிக்கொள்ளலாம். வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதே பெரும்பாலான அணிகளின் நிலைமை. ஏனென்றால் ஒரு ஹைபிரிட் இன்ஜினை உருவாக்கப் பல வருடங்களும், கோடிக்கணக்கான டாலர்களும், தனியாக ஒரு தொழிற்சாலையும் தேவை.

2026 சீசனின் கணக்கு இது. மெர்சிடிஸ் இன்ஜினை மெர்சிடிஸ், மெக்லாரன், வில்லியம்ஸ், அல்பைன் என 4 அணிகள் பயன்படுத்துகின்றன. ஃபெராரி இன்ஜின் ஃபெராரி, ஹாஸ், கேடிலாக் என 3 அணிகளுக்கு. ரெட் புல் - ஃபோர்டு இன்ஜின் ரெட் புல்லுக்கும் அதன் தம்பி அணியான ரேஸிங் புல்ஸுக்கும். ஹோண்டா இன்ஜின் ஆஸ்டன் மார்ட்டினுக்கு மட்டும். ஆடி இன்ஜின் ஆடிக்கு மட்டும்.

அதாவது, 11 அணிகளில் 5 அணிகள் தங்கள் நேரடிப் போட்டியாளரிடமே இன்ஜின் வாங்குகின்றன. எதிர்க்கடைக்காரரிடம் மாவு வாங்கி, அவர் கடைக்கு எதிரிலேயே இட்லிக் கடை போடுவது மாதிரி. மாவு நல்லதாகவே இருக்கலாம். ஆனால் விலை, அளவு, எப்போது கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது எல்லாம் அவர் கையில்.

எப்போதும் இப்படித்தானா?

இல்லை. 1967-ல் பிரிட்டனின் காஸ்வொர்த் நிறுவனம், ஃபோர்டு கொடுத்த 1 லட்சம் பவுண்டை வைத்து 'டி.எஃப்.வி' என்ற இன்ஜினை உருவாக்கியது. கீத் டக்வொர்த் வடிவமைத்த அந்த இன்ஜின், நெதர்லாந்தின் ஸாண்ட்வோர்ட்டில் ஜிம் கிளார்க் ஓட்டிய லோட்டஸ் காரில் தன் முதல் ரேஸையே ஜெயித்தது. அடுத்த வருடமே மற்ற அணிகளும் அதை வாங்க வழி கிடைத்தது.

அதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். மெக்லாரனின் முதல் வெற்றி 1968-ல், இந்த இன்ஜினில். வில்லியம்ஸின் முதல் வெற்றி 1979-ல், இதே இன்ஜினில். 1983 வரை மொத்தம் 155 ரேஸ்களை அது ஜெயித்தது. இன்று ஜாம்பவான்கள் என்று கொண்டாடப்படும் பிரிட்டிஷ் அணிகள், ஒரு காலத்தில் கடையில் இன்ஜின் வாங்கி ஷெட்டில் கார் கட்டியவர்கள். என்ஸோ ஃபெராரி அவர்களை 'கராஜ்காரர்கள்' என்று நக்கலடித்தார். அந்தக் கராஜ்காரர்கள்தான் இந்த விளையாட்டின் பாதி வரலாற்றை எழுதினார்கள்.

காஸ்வொர்த் யாருக்கும் போட்டி அணி இல்லை. இன்ஜின் விற்பதுதான் அதன் பிழைப்பு. எனவே, நன்றாக ஓட்டுபவருக்கு இன்ஜினை மறுக்க அதற்கு எந்தக் காரணமும் இல்லை. இன்று இல்லாமல்போனது அந்த ஏற்பாடுதான். 1977-ல் ரெனோ டர்போ இன்ஜினோடு வந்தது. மற்ற பெரிய கம்பெனிகளும் டர்போவில் இறங்கின. பணம் பெருகப் பெருக, சுயேச்சையான இன்ஜின் தயாரிப்பாளர்கள் ஓரம்கட்டப்பட்டனர்.

ஷோரூமில் எழுதப்படும் விதி

கார் கம்பெனி எதற்காக ரேஸுக்கு வருகிறது? கார் விற்க. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சிக்கல் எங்கே வருகிறதென்றால், 'எங்க ஷோரூம்ல என்ன விக்குதோ, அது ரேஸ்லயும் இருக்கணும்' என்ற நிபந்தனை அதோடு சேர்ந்தே வருகிறது.

2014-ல் 2.4 லிட்டர் வி8 இன்ஜின்கள் போய், 1.6 லிட்டர் வி6 டர்போ ஹைபிரிட் வந்தது அப்படித்தான். முதலில் எஃப்.ஐ.ஏ போட்ட திட்டம் நான்கு சிலிண்டர் இன்ஜின். சிறிய கார்கள் விற்கும் ரெனோவுக்கு அது பொருத்தம். நான்கு சிலிண்டர் கார் விற்காத ஃபெராரிக்குப் பிடிக்கவில்லை. பேரம் நடந்தது. நான்கு ஆறானது. வேகம், பாதுகாப்பு, ரசிகர் விருப்பம் எல்லாவற்றையும் தாண்டி, சிலிண்டர் எண்ணிக்கையைத் தீர்மானித்ததில் இரண்டு கம்பெனிகளின் விற்பனைப் பட்டியலுக்குப் பெரிய பங்கு இருந்தது.

விளைவு? 2014 சீசனின் 19 ரேஸ்களில் 16-ஐ மெர்சிடிஸ் ஜெயித்தது. 2021 வரை தொடர்ந்து 8 முறை அணிகளுக்கான சாம்பியன் பட்டம். மெர்சிடிஸ் உழைத்து ஜெயித்தது, மறுக்க முடியாது. ஆனால், இன்ஜினில் பின்தங்கியவர்கள் எழுந்து வருவதற்கே பல வருடங்கள் ஆகின.

2026 விதியும் அதே பாதையில் பிறந்ததுதான். வெளியேறும் சூடான புகையிலிருந்து மின்சாரம் எடுக்கும் 'எம்.ஜி.யு-ஹெச்' என்ற கருவி நீக்கப்பட்டது. அது இருந்தால் புதிதாக வருபவர்கள் பிடிக்கவே முடியாது என்பது ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் வாதம். நியாயமான வாதமும்கூட. பதிலுக்கு மின்மோட்டாரின் சக்தி 120 கிலோவாட்டிலிருந்து 350 கிலோவாட்டாக உயர்ந்தது. சக்தியில் ஏறக்குறைய பாதி மின்சாரம். 2022-ல் இந்த விதிகள் முடிவானபோது எல்லா கார் கம்பெனிகளும் எலெக்ட்ரிக் கனவில் இருந்தன.

அந்தக் குழுமத்திலிருந்து ஆடி வந்தது. போர்ஷே வரவில்லை. ரெட் புல்லோடு நடந்த பேச்சு 2022 செப்டம்பரில் முறிந்தது. இன்ஜின் மட்டும் போதாது, அணியிலும் சரிசமமான இடம் வேண்டும் என்று போர்ஷே கேட்டது. ரெட் புல் கொடுக்கவில்லை. மேஜையில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த ரெனோவோ, விதி அமலுக்கு வருவதற்கு முன்பே, 2024 செப்டம்பரில், இன்ஜின் தயாரிப்பையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2025-ல் எஃப்.ஐ.ஏ தலைவர் முகமது பின் சுலாயம் பழைய பாணி வி10, வி8 இன்ஜின்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். புது இன்ஜின் டிராக்கில் இறங்கும் முன்பே அதற்கு மாற்று தேடல்!

கார் சந்தையின் மனநிலை மூன்று வருடத்தில் மாறும். இன்ஜின் விதி மாற ஏழெட்டு வருடம் ஆகும். ஒன்றை நம்பி இன்னொன்றை எழுதினால் இப்படித்தான் ஆகும். மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள் என்று மண்டபத்தை மாற்றினால், முகூர்த்த நாளில் மாப்பிள்ளையையே காணோம்.

'உனக்குக் கிடையாது'

2010 முதல் 2013 வரை நான்கு முறை தொடர்ந்து சாம்பியன் ஆன அணி ரெட் புல். அப்படிப்பட்ட அணியே 2015-ல் இன்ஜினுக்காக வீடு வீடாகக் கதவு தட்டியது. ரெனோவோடு சண்டை முற்றியிருந்தது. மெர்சிடிஸிடம் கேட்டார்கள், இல்லை என்றது. ஃபெராரி, தான் பயன்படுத்தும் அதே தரத்தில் தர மறுத்தது. கடைசியில், சண்டை போட்ட ரெனோவிடமே திரும்பிப் போய், இன்ஜின் மேல் 'டாக் ஹோயர்' என்ற வாட்ச் கம்பெனியின் பெயரை ஒட்டிக்கொண்டு 2016-ல் ஓட்டினார்கள்.

மெர்சிடிஸ் பார்வையில் அது புத்திசாலித்தனம். சிறந்த கார் கட்டத் தெரிந்த எதிரிக்கு, சிறந்த இன்ஜினை யாராவது கையில் எடுத்துக் கொடுப்பார்களா? ஆனால் போட்டியின் பார்வையில்? யார் நம்மோடு மோதலாம், யார் மோதக் கூடாது என்பதை மோதுபவரே முடிவு செய்கிறார்.

அதே வருடம் இன்ஜின் விலைக்கு உச்சவரம்பு வைக்க எஃப்.ஐ.ஏ முயன்றது. சிறிய அணிகள் மூச்சுத்திணறிக்கொண்டிருந்த நேரம். ஃபெராரி தன் 'வீட்டோ' அதிகாரத்தைப் பயன்படுத்தி அதைத் தடுத்தது. ஆம், ஒரு போட்டியாளருக்கு விதியை ரத்து செய்யும் உரிமை. கிரிக்கெட்டில் ஓர் அணிக்கு மட்டும் இப்படியோர் அதிகாரம் இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப்பாருங்கள்.

எஃப்.ஐ.ஏ விடவில்லை. மலிவான சுயேச்சை இன்ஜின் ஒன்றைக் கொண்டுவருவோம் என்று மிரட்டியது. உடனே கம்பெனிகள் இறங்கிவந்தன. 2016-ல் உடன்பாடு: 2017-ல் விலை 10 லட்சம் யூரோ குறையும், 2018 முதல் மேலும் 30 லட்சம் யூரோ குறையும், இன்ஜின் கிடைக்காத அணிக்கு யாராவது கொடுத்தே ஆக வேண்டும். கவனியுங்கள். சுயேச்சை இன்ஜின் வரவே இல்லை. வரலாம் என்ற பயம் மட்டுமே விலையைக் குறைத்தது.

ஓட்டு யாருடையது?

இன்ஜின் விற்பவருக்கு வாங்குபவரின் ஓட்டும் சேர்ந்து கிடைக்கிறதா? 2021-ல் மெக்லாரன் தலைவர் ஸாக் பிரவுன் இதை வெளிப்படையாகவே எழுதினார். பெரிய அணியோடு தொடர்புள்ள சிறிய அணிகள், தங்களுக்கே பாதகமான முடிவுக்குக்கூட ஆதரவாக ஓட்டுப்போட்டிருக்கின்றன என்றார். தீர்வாக அவர் கேட்டது ரகசிய வாக்கெடுப்பு.

அதற்கு ஒரு வருடம் முன்பு நடந்த சம்பவம் இந்தச் சந்தேகத்துக்கு நல்ல விளக்கம். ஃபெராரியின் 2019 இன்ஜின் மீது எஃப்.ஐ.ஏ விசாரணை நடத்தியது. விதிமீறலை உறுதியாக நிரூபிக்க முடியவில்லை என்று சொல்லி, ஃபெராரியோடு ரகசிய உடன்பாடு செய்துகொண்டது. விவரம் வெளியிடப்படவில்லை. கொதித்துப்போன 7 அணிகள் கூட்டறிக்கை வெளியிட்டன. கையெழுத்துப் போடாதவர்கள் மூன்று பேர்: ஃபெராரி, ஹாஸ், ஆல்ஃபா ரோமியோ. பின்னவை இரண்டும் அப்போது ஃபெராரி இன்ஜினில் ஓடிய அணிகள். அந்தச் சீசனில் ஃபெராரி ஆறாம் இடத்துக்குச் சரிந்தது தனிக்கதை.

தடுத்தவர்கள் போனார்கள், நம்பியவர்கள் அழிந்தார்கள்

இந்தச் செல்வாக்கின் முழு விலை தெரிய வேண்டுமென்றால் 2009-ஐப் பார்க்க வேண்டும்.

2008 டிசம்பரில், உலகப் பொருளாதார நெருக்கடிக்கு நடுவே, ஹோண்டா ஒரே அறிவிப்பில் வெளியேறியது. பதறிய எஃப்.ஐ.ஏ, வருடத்துக்கு 4 கோடி பவுண்டுக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று உச்சவரம்பு கொண்டுவரப் பார்த்தது. அதை நம்பிப் புதிய அணிகள் விண்ணப்பித்தன. அந்த அணிகளுக்கு இன்ஜின் கொடுக்க காஸ்வொர்த்தும் திரும்பி வந்தது.

2009 ஜூனில் 8 அணிகள், 'நாங்க தனியா ஒரு சாம்பியன்ஷிப் நடத்திக்கறோம்' என்று கிளம்பின. பி.எம்.டபிள்யூ, டொயோட்டா இரண்டும் அந்தக் கூட்டத்தில் இருந்தன. எஃப்.ஐ.ஏ பணிந்தது. உச்சவரம்பு கைவிடப்பட்டது. அடுத்து நடந்ததுதான் கொடுமை. ஜூலையில் பி.எம்.டபிள்யூ விலகலை அறிவித்தது. நவம்பரில், 8 சீசன் ஓடியும் ஒரு ரேஸ்கூட ஜெயிக்காத டொயோட்டாவும் மூட்டை கட்டியது. விதியை மாற்றவைத்தவர்கள், மாற்றிய விதியின் கீழ் ஒரு ரேஸ்கூட ஓட்டவில்லை.

உச்சவரம்பை நம்பி வந்த 3 புதிய அணிகள் 2010-ல் காஸ்வொர்த் இன்ஜினோடு, பெரிய பணக்காரர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டன. அவற்றில் ஒன்று ஸ்பெயினின் ஹிஸ்பானியா. சென்னையின் கருண் சந்தோக்குக்கு ஃபார்முலா 1 வாய்ப்பு கிடைத்தது அந்த அணியில்தான். கோவையின் நரேன் கார்த்திகேயனும் 2011, 2012-ல் அங்கேதான் ஓட்டினார். அந்த அணி கடைசிவரை ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை, 2012-ஓடு மூடப்பட்டது. 2017 தொடங்கும்போது அந்த மூன்று அணிகளில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. 'இந்தியர்கள் ஏன் சோபிக்கவில்லை' என்று கேட்பவர்கள், அவர்கள் உட்கார்ந்த காரின் கதையையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

விலகுவது ஹோண்டாவுக்குப் பழக்கம்: 1968, 1992, 2008, 2021. ஒவ்வொரு முறையும் திரும்பியும் வந்தது. ஆடியின் வரலாறும் அப்படித்தான். லு மான் 24 மணி நேர ரேஸில் 2006-ல் டீசல் காரை முதன்முதலாக ஜெயிக்கவைத்தது ஆடி. 2015-ல் டீசல் மோசடி வெடித்தது. 2016 முடிவில் ஆடி அந்தப் போட்டியிலிருந்து போய்விட்டது. அடுத்த வருடம் போர்ஷேயும் போனது. உச்சப் பிரிவில் மிஞ்சிய பெரிய கம்பெனி டொயோட்டா மட்டும். பிறகு ஆடி எலெக்ட்ரிக் கார்களுக்கான ஃபார்முலா இ-க்குப் போனது. 2021-ல் அதையும் விட்டது.

இந்தக் கணக்கில் மனிதர்களும் இருக்கிறார்கள். ரெனோவின் இன்ஜின் தொழிற்சாலை பாரிஸ் அருகே விரி-ஷட்டியோனில் இருக்கிறது. வில்லியம்ஸ், பெனட்டன், ரெனோ, ரெட் புல் என 12 அணி சாம்பியன் பட்டங்களுக்குப் பின்னால் நின்ற இடம். 2024-ல் அங்கே இன்ஜின் வேலை நிற்கப்போகிறது என்றதும், ஊழியர்கள் இத்தாலியின் மோன்ஸா ரேஸுக்கே போய் பேனர் பிடித்தார்கள். முடிவு மாறவில்லை. அல்பைன் இப்போது மெர்சிடிஸ் இன்ஜினில் ஓடுகிறது.

மறுபக்கம் என்ன?

கம்பெனிகள் இல்லாமல் ஃபார்முலா 1 இவ்வளவு தூரம் வந்திருக்காது. எரிபொருளின் சக்தியில் பாதிக்கு மேல் உந்துவிசையாக மாற்றும் இன்ஜினை 2017-ல் மெர்சிடிஸ் சோதனைக்கூடத்தில் காட்டியது. அது பொறியியல் அதிசயம். அதற்கான பணம் டிக்கெட் வசூலில் வராது.

இன்னொரு வாதம் மெக்லாரன். 2024, 2025 இரண்டு வருடமும் மெர்சிடிஸிடம் வாங்கிய இன்ஜினை வைத்தே, மெர்சிடிஸைத் தோற்கடித்து அணி சாம்பியன் ஆனது. அப்புறம் என்ன புகார்?

நல்ல கேள்வி. ஆனால் மெக்லாரன் ஜெயித்தது எப்போது? 2021-ல் செலவு உச்சவரம்பு அமலுக்கு வந்த பிறகு. 2009-ல் தடுக்கப்பட்ட அதே யோசனைதான், 12 வருடம் தாமதமாக வந்தது. இன்ஜினும் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று எஃப்.ஐ.ஏ கறாராகச் சொன்ன பிறகு. பெரியவர்களின் கை கட்டப்பட்டதால்தான் வாங்கிய இன்ஜினில் ஓர் அணியால் ஜெயிக்க முடிந்தது. மெக்லாரனின் வெற்றி கம்பெனிகளின் பெருந்தன்மைக்குச் சான்று இல்லை. விதி வேலை செய்யும் என்பதற்குச் சான்று.

என்ன செய்யலாம்?

கம்பெனிகளை விரட்ட வேண்டியதில்லை. பணத்தை வாங்கிக்கொள்ளலாம், பேனாவைக் கொடுக்க வேண்டாம். அவ்வளவுதான். அதற்கு மூன்று வழிகள் கண்ணுக்குத் தெரிகின்றன.

முதலாவது, அடுத்த இன்ஜின் விதி எளிமையாக இருக்கட்டும். நீடித்த எரிபொருளில் ஓடும், சிக்கல் குறைந்த இன்ஜின் என்றால், காஸ்வொர்த் மாதிரி ஒரு சுயேச்சை நிறுவனமும் அதைச் செய்ய முடியும். அப்படி ஒன்று இருந்தாலே போதும், பேரம் பேசும் மேஜையில் எடை மாறும். 2016-ல் அந்த பயம் மட்டுமே என்ன செய்தது என்று பார்த்தோம்.

இரண்டாவது, ரகசிய வாக்கெடுப்பு. இன்ஜின் கொடுப்பவர் முகத்தைப் பார்த்துக் கைதூக்கும் நிலைமை எந்த அணிக்கும் வேண்டாம். கூடவே, ஒரே ஓர் அணிக்கு மட்டும் உள்ள வீட்டோவுக்கும் விடை கொடுக்கலாம்.

மூன்றாவது, விதி எழுதும் மேஜையில் உட்கார ஒரு விலை. எந்த விதிக்காகப் பேரம் பேசினார்களோ, அந்த விதிக்காலம் முடியும்வரை இருக்க வேண்டும். முடியாதென்றால் இன்ஜினையும் அதன் தொழில்நுட்பத்தையும் இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். இது நடக்காத காரியம் இல்லை. 2021-ல் ஹோண்டா விலகியபோது அதன் தொழில்நுட்பத்தை ரெட் புல் பயன்படுத்த வழி செய்யப்பட்டது. அடுத்த இரண்டு வருடமும் அந்த இன்ஜின்தான் சாம்பியன். ஒருமுறை நல்லெண்ணத்தில் நடந்ததை, ஒப்பந்தத்தில் கட்டாயமாக்கினால் போதும்.

2026 விதிகளுக்கு அடுத்து என்ன இன்ஜின் என்ற பேச்சு ஏற்கெனவே தொடங்கிவிட்டது. வி8-ஆ, ஹைபிரிட்டா, சத்தம் எப்படி இருக்கும் என்றுதான் ரசிகர்கள் விவாதிக்கிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி, அந்த இன்ஜினை கார் கம்பெனி அல்லாத ஒருவரால் செய்து விற்க முடியுமா என்பது. 'முடியாது' என்ற பதிலோடு அடுத்த விதியும் எழுதப்பட்டால், 2030-களிலும் யார் ஓடலாம், யார் ஓடக் கூடாது என்பதைச் சில கம்பெனிகளின் இயக்குநர் குழுக்கள்தான் முடிவு செய்யும்.